ஒன்பது அங்குலச் செங்கலும் எங்கள் காஸ் பில்லும்



இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். லண்டனிலும் அதைச் சுற்றியும் பழைய வீடு வாங்கி இருப்பவர்களுக்கும், அப்படியான வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும், முக்கியமாக அப்படியான வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இது. கனடாவில் இருக்கிற பிள்ளைகள் கோபிக்க வேண்டாம். உங்கள் வீடுகள் பெரும்பாலும் குளிரை நினைத்தே கட்டப்பட்டவை.

குளிர்காலம் வந்தால் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி காஸ் பில் பற்றியது. "சேர், பொயிலரை மாத்தினால் குறையுமோ?" "சேர், யாரோ வந்து கதவைத் தட்டி, சும்மா சுவருக்குப் போட்டுத் தாறம் எண்டு சொல்லுறாங்கள், கையெழுத்து வைக்கட்டோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது. என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். பொயிலர் கடைசி. காற்றுப் போகிற ஓட்டைகளும் கூரையும் முதல். சுவர் இரண்டுக்கும் நடுவில், அதுவும் ஆறுதலாக, ஈரத்தை யோசித்தபிறகு. சும்மா கிடைக்கிறது என்பதற்காகச் சுவரில் எதையும் ஒட்ட விடாதீர்கள்.

ஈஸ்ற்ஹாம், இல்ஃபேட், வோல்தம்ஸ்ரோ, ரூற்றிங் என்று எங்கள் சனம் செறிந்த இடங்களை எடுத்துப் பாருங்கள். தெருத்தெருவாக ஒட்டி ஒட்டி நிற்கிற வீடுகள் பெரும்பாலும் முதலாம் உலகப்போருக்கு முன்னர் கட்டியவை. விக்டோரியா மகாராணி காலம், அவருக்கு அடுத்த எட்வேட் மன்னர் காலம். அந்த வீடுகளின் வெளிச்சுவர் ஒன்பது அங்குலத் திண்மச் செங்கல். நடுவில் இடைவெளி கிடையாது. இரண்டு அடுக்காகக் கட்டி நடுவில் காற்றிடைவெளி விடும் முறை 1920களுக்குப் பிறகுதான் பரவலானது. ஹரோப் பக்கம் இருக்கிற 1930ஆம் ஆண்டு வீடுகளில்கூட இரண்டு வகையும் உண்டு. நாடு முழுக்க இப்படித் திண்மச் சுவர் வீடுகள் ஏறத்தாழ 80 லட்சம் இருக்கின்றன.

உங்கள் வீடு எந்த வகை என்று அறிய ஒருவருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. வெளியே போய்ப் பூச்சில்லாத செங்கலைப் பாருங்கள். எல்லாக் கல்லும் நீளவாட்டில் தெரிந்தால் அநேகமாக இடைவெளிச் சுவர். ஒரு நீளக்கல், ஒரு குறுக்குக்கல் என்று மாறி மாறி வந்தால் திண்மச் சுவர். குறுக்குக்கல் என்பது சுவரின் உட்பக்கம் வரைக்கும் போகிற கல்; அதுதான் குளிரை உள்ளே கொண்டுவருகிற பாலம். முன்பக்கம் பூச்சு இருந்தால் வாசற்கதவு நிலையில் சுவரின் தடிப்பை அளவுநாடா வைத்து அளந்து பாருங்கள். பத்து அங்குலத்துக்குள் இருந்தால் திண்மச் சுவர்தான்.

அந்த வீடுகளை அப்படிக் கட்டினவர்கள் முட்டாள்கள் அல்ல. ஒவ்வொரு அறையிலும் நிலக்கரி எரிந்தது. நெருப்புக்குக் காற்று வேண்டும். அதனால் யன்னல் இடுக்கிலும் பலகைத் தரையின் இடுக்கிலும் காற்று வந்து, புகைபோக்கி வழியே மேலே போனது. வீட்டு ஈரமும் அதனோடு போனது. 1952இல் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி மெல்ல மெல்லப் போனது. 1967 தொடக்கம் பத்து ஆண்டுகளில் நாட்டிலுள்ள காஸ் அடுப்புகளையும் கணப்புகளையும் வட கடல் எரிவாயுவுக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வீடு றேடியேற்றர் வந்தது. எரிபொருள் மாறியது, சூடாக்கும் முறை மாறியது, சுவர் மட்டும் அப்படியே நின்றது. காஸ் மலிவாக இருந்தவரை யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இனிக் கணக்கு. என்னிடம் படித்தவர்களுக்கு இது பயத்தைத் தராது என்று நம்புகிறேன். ஒன்பது அங்குலச் செங்கற் சுவரின் ஒரு சதுர மீற்றர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், 1.7 வாற் அளவில் வெப்பம் போகிறது. நடுவீடு ஒன்றின் முன்சுவர், பின்சுவர், பின்னால் நீண்டிருக்கிற குசினிப் பகுதியின் சுவர் எல்லாம் சேர்த்து, யன்னல் கழித்து, 60 சதுர மீற்றர் என்று வையுங்கள். உள்ளே 20 பாகை, வெளியே 5 பாகை. 60ஐ 1.7ஆலும் 15ஆலும் பெருக்குங்கள். 1530 வாற். இரவு பகலாக ஒன்றரைக் கிலோவாற் ஹீற்றரை முற்றத்தில் வைத்து எரிக்கிற மாதிரி. ஒரு நாளைக்கு 36 யூனிற்றுக்கு மேல். யூனிற் ஒன்று 6 பென்ஸ் அளவில் என்றால் இரண்டு பவுணுக்கு மேல், சுவர் வழியாக மட்டும்.

அதே சுவருக்கு ஒழுங்காகக் காவலிட்டால் 1.7 என்பது 0.3க்கு இறங்கும். 1530 வாற் 270 ஆகும். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் சுவரில் கைவைக்கத்தான் ஆசை வரும். பொறுங்கள். லண்டன் குளிர்காலம் முழுக்க 5 பாகையில் நிற்பதில்லை. நீங்களும் இரவு பகல் 20 பாகை வைத்திருப்பதில்லை. சராசரி பார்த்தால் சுவர்க் காவலினால் வருடத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 300 பவுண். வீடு முழுவதும் வெளிப்பக்கம் காவலிட்டுப் பூசி முடிக்க 10,000 பவுணுக்கு மேல் போகும். காசுக் கணக்கை மட்டும் பார்த்தால் முப்பது வருடத்துக்கு மேல். விற்பனவுக்காரர் இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டார்.

கூரையைப் பாருங்கள். லொஃப்ற்றில் ஒன்றும் போடாத வீடு என்றால், 40 சதுர மீற்றர் சீலிங் வழியாக அதே 15 பாகை வித்தியாசத்தில் 1300 வாற்றுக்கு மேல் போகும். 270 மில்லிமீற்றர் கம்பளி விரித்தால் அது 100 வாற் அளவுக்கு இறங்கிவிடும். செலவு சுவர்க் காவலுக்கு ஆவதில் ஒரு சிறு பங்கு. பழைய கம்பளி 100 மில்லிமீற்றர் ஏற்கெனவே கிடந்தால் மிச்சம் போடுவதில் இலாபம் குறைவு, ஏனென்றால் முதல் 100 மில்லிமீற்றர்தான் பெரிய வேலையைச் செய்கிறது. ஆனாலும் போடலாம். கூரைத் தாழ்வாரப் பக்கம் காற்றுப் போகிற இடைவெளியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். லொஃப்ற் மூடியின் முதுகிலும் ஒரு துண்டு ஒட்டி, ஓரத்துக்கு றப்பர் பட்டி வையுங்கள். பத்து அங்குலக் கம்பளி விரித்துவிட்டு மூடியை வெறும் பலகையாக விட்ட வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. சீலிங்கில் ஸ்பொட் லைற். ஒரு படுக்கையறைக்குப் பன்னிரண்டு. கலியாண மண்டபம் மாதிரி. மேல்மாடிச் சீலிங்கில் துளைக்கிற ஒவ்வொரு வட்டமும் சூடான ஈரக்காற்று லொஃப்ற்றுக்குப் போகிற ஒரு வாசல். அந்தக் காற்று அங்கே குளிர்ந்த கூரை மரத்தில் பட்டு நீராகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு ஓடு மாற்றிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஓட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அடுத்தது காற்றோட்டை. ஒரு காற்றடிக்கிற இரவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். சாமியறையில் கொளுத்துகிற அதே ஊதுபத்திதான். கடிதம் போடுகிற வாய், கதவுக்குக் கீழ், யன்னல் சட்டம், தரைப்பலகைக்கும் சுவர்ப்பட்டிக்கும் இடையிலுள்ள இடுக்கு, குளியலறைக் குழாய் சுவருக்குள் போகிற இடம், பாவிக்காத புகைபோக்கி. புகை எங்கே சாய்கிறதோ அங்கே காசு போகிறது. ஒரு சனிக்கிழமை வேலை, சில பத்துப் பவுண் சாமான். புகைபோக்கியை அடைக்க ஆட்டுக்கம்பளியில் செய்த அடைப்பான் விற்கிறது. முழுக்கக் கல் வைத்துப் பூசி மூடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கும்.

தரையையும் மறக்காதீர்கள். அந்தக் கால வீடுகளின் முன்னறைத் தரை பெரும்பாலும் வெறுமையின்மேல் நிற்கிற பலகை. அதன் கீழே காற்றோட வேண்டும் என்பதற்காகத்தான் வெளிச்சுவரின் அடியில் ஓட்டைச் செங்கல் வைத்திருக்கிறார்கள். கார் விடுவதற்காக முற்றத்துக்குக் கொன்கிரீற் போட்டபோது அந்த ஓட்டைகளை மூடிவிட்டவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போய்ப் பாருங்கள். காற்று நின்றால் தரைக்குக் கீழுள்ள மரம் உக்கும். பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்கை அடைக்கலாம், மரச்சட்டங்களுக்கு இடையில் வலை கட்டிக் கம்பளி வைக்கலாம். ஓட்டைச் செங்கலில் மட்டும் கைவைக்கக் கூடாது.

யன்னலைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒற்றைக் கண்ணாடி இன்னும் இருந்தால் மாற்றுங்கள். பழைய டபிள் கிளேசிங் இருந்தால், கண்ணாடிக்குள் பனி படியாதவரை, அதை மாற்றுகிற காசைக் கூரைக்கும் தரைக்கும் போடுவதுதான் புத்தி. தடித்த திரைச்சீலை நல்லது, றேடியேற்றருக்கு முன்னால் தொங்கவிடாவிட்டால்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஓட்டையெல்லாம் அடைத்தபிறகு வீட்டின் ஈரம் எங்கே போகும்?

நாலு பேர் இருக்கிற வீட்டில் மூச்சு, குளியல், சமையல், உடுப்புக் காயப்போடுதல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் அளவு நீர் காற்றில் கலக்கிறது. எங்கள் வீடுகளில் கூடவே இருக்கும். வெள்ளைக்காரர் ஒரு துண்டு மீனை அவணில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்களுக்குச் சோறு கொதிக்க வேண்டும், புட்டும் இடியப்பமும் அவிய வேண்டும், றசம் கொதிக்க வேண்டும். அதை விடச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். குசினியில் புகையை வெளியே தள்ளுகிற விசிறி வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வெளியே என்றால் சுவரைத் துளைத்து வெளியே. கரித்துண்டு வடிகட்டி வைத்து அந்தக் காற்றையே திரும்பக் குசினிக்குள் விடுகிற விசிறி மணத்தைக் கொஞ்சம் குறைக்கும், நீராவியை ஒரு சொட்டும் குறைக்காது. குளியலறையிலும் அப்படியே. ஈரப்பதன் கூடினால் தானாக ஓடுகிற விசிறி இப்போது வாங்கலாம். அதற்கு ஆகிற மின்சாரம் மிகச் சொற்பம்.

ஒன்பதாம் வகுப்பில் குளிர்ந்த தண்ணீர்க் கிளாசின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று கேட்டிருப்பேன். அதே விடைதான் இங்கும். உட்பக்கத்தில் பலகை ஒட்டிக் காவலிட்டால் அறை சூடாகும்; பலகைக்குப் பின்னாலுள்ள செங்கல் முன்னரைவிடக் குளிரும். அறையின் ஈரக்காற்று ஒரு இடுக்கால் அந்தக் குளிர்ந்த செங்கலைத் தொட்டால் ஒடுங்கி நீராகும். உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மேல்மாடித் தரையின் மரச்சட்டங்களுடைய நுனிகள் அந்தச் சுவருக்குள்தான் புதைந்திருக்கின்றன. பத்து வருடம் கழித்து அவை உக்கின பிறகுதான் தெரியவரும்.

ஊரில் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய நாற்சார் வீடுகளுக்குப் பிற்காலத்தில் சீமெந்து பூசினார்கள். என்ன நடந்தது? கொஞ்சக் காலத்தில் பூச்சு பொருக்காகக் கழன்று விழுந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலடித்ததும் விடும். சீமெந்து அதைப் பூட்டி வைக்கும். இங்கத்தைய விக்டோரியா காலச் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினதுதான். அதன் மேல் சீமெந்தால் மூட்டுப் பூசி, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய நுரைப்பலகையை வைத்தால் சுவர் இரண்டு பக்கமும் பூட்டுப்பட்டுவிடும். மரநார்ப் பலகை, அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு என்று ஒரு முறை இருக்கிறது. தடிப்புக்குத் தடிப்பு பார்த்தால் நுரையைவிடக் குறைவாகத்தான் வெப்பத்தைத் தடுக்கும், விலையும் கூட. ஆனாலும் ஈரத்தை வாங்கி விடக்கூடியது. பழைய திண்மச் சுவருக்கு என் தெரிவு அதுதான். வெளிப்பக்கம் காவலிடுவது இதைவிட நல்லது, ஏனென்றால் செங்கல் முழுவதும் சூட்டுக்குள் வந்துவிடும். தெருப்பக்க முகத்தை மாற்றக் கவுன்சில் சம்மதிக்காத இடங்களில் பின்பக்கத்தை மட்டும் வெளியால் செய்யலாம்.

அதற்குக் காசு முப்பது வருடத்தில்தானே திரும்பும் என்று கேட்பீர்கள். சரி. அதனால்தான் தனி வேலையாகச் செய்யாதீர்கள் என்கிறேன். எப்படியும் அறையை உடைத்துப் பூசப்போகிறீர்கள், குசினியைப் பெயர்த்துப் புதிதாக வைக்கப்போகிறீர்கள், பின்னால் நீட்டி அறை எடுக்கப்போகிறீர்கள். அந்த நேரம் சாரமும் பூச்சுக்காரரும் எப்படியும் வந்து நிற்பார்கள். மேலதிகச் செலவு பலகைக்கு மட்டும். இங்கிலாந்தில் ஒரு வெளிச்சுவரின் பூச்சைப் பாதிக்கு மேல் உரித்துப் புதுப்பித்தால், இயன்றவரை காவலிட வேண்டும் என்று கட்டட விதியே இருக்கிறது. உங்கள் கட்டட வேலைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கிரனைற் மேசைக்கு எட்டாயிரம் கொடுக்கிற நாங்கள், அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிற சுவரை வெறுஞ்செங்கலாக விட்டு, அதன் மேல் புதுப் பெட்டிகளை ஆணி அடித்து மூடிவிடுகிறோம். பிறகு இருபது வருடத்துக்கு யாரும் அந்தச் சுவரைத் தொடமுடியாது. காவல் பொருளைப் போட்டுத்தரும் வேலைக்கு 2027 மார்ச் முடியும்வரை வற் வரியும் இல்லை. விலைப்பட்டியலில் அதைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது கதவைத் தட்டுகிறவர்கள். வருமானம் குறைந்த வீடுகளுக்கு மின்சார, காஸ் கொம்பனிகளின் செலவில் சுவர்க்காவல் போட்டுக்கொடுக்கிற அரசாங்கத் திட்டங்கள் வந்தன. நோக்கம் நல்லது. நடந்ததை நாட்டின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 அக்ரோபரில் அறிக்கையாக எழுதியிருக்கிறது. அந்தத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவருக்குக் காவலிட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆகவேண்டிய பெரிய குறைகள். இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். உட்சுவருக்குக் காவலிட்டவற்றில் 29 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! பரீட்சையில் ஒரு வகுப்பே இப்படி எழுதினால் பிள்ளைகளை ஏசமாட்டேன், படிப்பித்தவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பேன்.

இது புதுக்கதையும் அல்ல. பிரஸ்ற்றன் நகரத்தில் ஃபிஷ்விக் என்ற பகுதியில், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் முந்நூறுக்கு மேற்பட்ட பழைய வீடுகளின் வெளிச்சுவருக்கு இப்படிப் போட்டார்கள். மழைத்தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கியது. சுவரெல்லாம் ஈரம், பூஞ்சணம். சூடு தேடிய சனம் முன்னரைவிடக் குளிர்ந்த, நாறுகிற வீட்டில் மாட்டிக்கொண்டது. அந்தத் திட்டமும் எவருக்கும் தீங்கு நினைத்துத் தொடங்கியது அல்ல. கணக்குக்கு எத்தனை வீடு முடிந்தது என்று எண்ணினார்கள், பீலிக்குழாய் எங்கே முடிகிறது, யன்னற்படி எவ்வளவு வெளியே நீள்கிறது என்று பார்க்க ஆள் இல்லை.

ஆகவே சும்மா வருகிறதை எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தகுதி இருந்தால் எடுங்கள், உங்கள் உரிமை. ஆனால் கையெழுத்துக்கு முன்னர் சில கேள்விகள் கேளுங்கள். பாஸ் 2035 என்ற தரத்தின்படி செய்கிறீர்களா, வீட்டைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை எங்கே? காற்றோட்டத்துக்கு என்ன திட்டம், எந்த அறையில் விசிறி? கூரை விளிம்பை நீட்டுவீர்களா, பலகையின் மேல்விளிம்புக்குள் மழை இறங்காமல் என்ன செய்வீர்கள்? இப்போதிருக்கிற ஈரத்துக்குக் காரணம் கண்டுபிடித்தீர்களா? ஈரச்சுவருக்கு மேல் காவலிடுவது நனைந்த உடுப்புக்கு மேல் மழைக்கோட்டுப் போடுவது. பதில் சொல்லாமல் "நாளைக்கே ஆள் வரும்" என்று அவசரப்படுத்தினால் கதவைச் சாத்துங்கள். லொஃப்ற்றுக்குள் நுரை அடித்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் இன்னும் கவனம். கூரை மரத்தைப் பார்க்கமுடியாமல் நுரை மூடிவிடுவதால் சில வங்கிகள் அந்த வீட்டுக்குக் கடனே கொடுப்பதில்லை. விற்கப்போகிற நேரம் அதைச் சுரண்டி எடுக்க ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற பிள்ளைகளுக்கு இனிச் சொல்வது கொஞ்சம் உறைக்கும்.

உங்கள் வீட்டில் இருப்பவர்கள் யார்? புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகள், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள். பெரும்பாலும் எங்கள் ஊர் ஆட்கள். ஒரு அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர். பில் அவர்கள் கட்டுவதால் சுவர் வெறுமையாக இருப்பது உங்களுக்கு நோகாது. சுவரில் பூஞ்சணம் வந்ததும் "நீங்கள் அவிச்சுத் தள்ளுறியள், உடுப்பை உள்ளுக்குக் காயப்போடுறியள்" என்று அவர்களிலேயே பழியைப் போடுகிறீர்கள். முற்றத்தில் காயப்போட வழியில்லாமல் பின்னால் ஒரு அறை இறக்கி அதையும் வாடகைக்கு விட்டது யார்?

ரொச்டேலில் அவாப் இஷாக் என்று ஒரு குழந்தை. 2020 டிசம்பரில் செத்தபோது இரண்டு வயது. வீட்டில் பூஞ்சணம் என்று தகப்பன் திரும்பத் திரும்ப முறையிட்டிருக்கிறார். வீட்டைக் கொடுத்த நிறுவனம், அந்தக் குடும்பம் குளிக்கிற விதம், சமைக்கிற விதம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டது. நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால்தான் மரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்ரோபரிலிருந்து சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. தனியார் வாடகை வீடுகளுக்கும் நீட்டிக்கச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு வாடகை வீட்டின் ஈ.பி.சி. சான்றிதழ் 'ஈ' தரத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். 'சி'க்கு உயர்த்தும் ஏற்பாடும் வந்துகொண்டிருக்கிறது. சட்டம் வருமட்டும் பார்த்திருக்கத் தேவையில்லை. குசினிக்கும் குளியலறைக்கும் நல்ல விசிறி இரண்டு, லொஃப்ற்றுக்குக் கம்பளி, யன்னல் கதவுக்கு றப்பர் பட்டி. ஒரு மாத வாடகையை ஒட்டிய காசு. உங்களை நம்பி வந்து இருக்கிறவர்களுக்கு அதைச் செய்ய மனம் வராவிட்டால், கோயில் தேருக்கு எழுதுகிற காசில் எனக்குப் பெருமை இல்லை.

இதே நியாயம் சொந்த வீட்டுக்குள்ளும் உண்டு. ஊரிலிருந்து அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டு வைத்திருக்கிறீர்கள். காலையில் நீங்கள் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஹீற்றிங் எட்டரைக்கு நின்று பின்னேரம் நாலரைக்குத் தொடங்கும்படி நேரம் வைத்திருக்கிறீர்கள். இடையில் அந்த மனிசி கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறா. கூட்டிவிடத் தெரியாமல் அல்ல. பில் வரும்போது மகனும் மருமகளும் மேசையில் வைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறா. உலக சுகாதார நிறுவனம் குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையக் கூடாது என்கிறது. வயதானவர்களுக்கு அதைவிடக் கூட வேண்டியிருக்கலாம். வீடு முழுக்க வேண்டாம். அவர்கள் பகலில் இருக்கிற அந்த ஒரு அறைக்கு வேலையைத் தொடங்குங்கள். அதன் தரை, அதன் யன்னல், அதன் கதவிடுக்கு. உட்சுவர்க் காவல் ஒரு அறைக்கு மட்டும் போடக் காசு இருந்தால் அதுவும் அந்த அறைக்குத்தான். ஒரு பத்துப் பவுண் வெப்பமானியும் ஈரமானியும் சேர்ந்த சின்னப் பெட்டியை அங்கே வைத்து, பின்னேரம் வந்து பாருங்கள், பகலில் எவ்வளவுக்கு இறங்கியது என்று அதுவே காட்டும்.

கடைசியாகப் பொயிலர். புதிது வாங்குவதற்கு முன்னர் இருப்பதை ஒழுங்காகப் பாவியுங்கள். இப்போதுள்ள பொயிலர்கள் புகையிலுள்ள நீராவியை ஒடுக்கி அந்த வெப்பத்தையும் மீட்கிறவை. றேடியேற்றரைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். பூட்டியவர் 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். தண்ணீர்த் தாங்கி இல்லாத கொம்பி பொயிலர் என்றால் ஹீற்றிங் பக்கத்தை 60க்கு இறக்கிப் பாருங்கள். அறை சூடாகக் கொஞ்சம் பிந்தும், பில் ஆறேழு சதவீதம் குறையும், செலவு பூச்சியம். வயதானவர்களுக்குக் குளிர்ந்தால் திரும்பக் கூட்டுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற வீட்டில் இப்படி இறக்காதீர்கள். தாங்கியில் 60 பாகைக்குக் குறைந்தால் கிருமி வளரும்.

வெப்பப் பம்பு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பழைய வீட்டுக்குச் சரிவராது என்று சொல்வது தப்பு. அரசாங்கச் செலவில் 742 வீடுகளில் பூட்டிப் பார்த்தபோது, எந்தக் காலத்து வீட்டுக்கும் எந்த வகை வீட்டுக்கும் அது சரிவரும் என்றே முடிவு வந்தது. 7,500 பவுண் மானியமும் உண்டு. சிக்கல் மின்சார விலை. காஸைவிட நாலு மடங்குக்கு மேல் விலையான மின்சாரத்தில், மூன்று மடங்கு வெப்பம் தருகிற இயந்திரத்தை ஓட்டினால் பில் இறங்காது. மின்சாரத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிற வரிச்சுமையை அரசாங்கம் குறைக்கட்டும், நானே எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். அதுவரைக்கும் பொயிலர் பழுதாகிற அன்றைக்கு யோசிக்கலாம். கூரையும் இடுக்குகளும் முடிந்த வீட்டுக்குச் சின்னப் பம்பே போதும் என்பதால் இப்போது செய்கிற வேலை அப்போதும் வீண்போகாது.

உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்க இருந்தால் கீழே எழுதுங்கள். விலாசம் வேண்டாம். கட்டிய காலம், சுவரின் தடிப்பு எத்தனை அங்குலம், லொஃப்ற்றில் கம்பளி எவ்வளவு, எந்த அறையில் எந்த மூலையில் பூஞ்சணம், போன வருடம் எத்தனை யூனிற் காஸ். பில்லின் காசுத் தொகை எனக்கு உதவாது, யூனிற்றை எழுதுங்கள். இவ்வளவும் இருந்தால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். தட்டச்சுச் செய்வது பேரன், அவனுக்கு வருடச் சோதனை வருகிறது, அதனால் இரண்டொரு நாள் பிந்தலாம்.